சிறகில் பதிந்த குண்டுகள்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சஃபோக் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே பிளைத் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் பிளைத்பர்க். ஊர் சிறியது, அதன் பரிசுத்த திரித்துவத் தேவாலயமோ பெரியது. பரந்த சதுப்பு நிலத்தில் தொலைவிலிருந்தே தெரிவதால், மக்கள் அதனைச் 'சதுப்புநிலப் பேராலயம்' என அழைக்கின்றனர்.

இன்றுள்ள கட்டடம் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்பகுதியில் கட்டுமானத்திற்கு ஏற்ற பெருங்கற்கள் அரியவை. சிக்கிமுக்கிக் கற்களோ மிகுதி. ஆதலால் அவற்றைக் கொண்டே சுவர்களை எழுப்பினர். உள்ளே நடுக்கூடத்தின் இருபுறமும் தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. தூண்களுக்கு மேலுள்ள சாளரங்களின் வழியே புகும் ஒளி, வண்ணம் தீட்டிய மரக்கூரையில் படர்கிறது. அக்கூரையில் சிறகு விரித்த வானதூதர்களின் மரச்சிற்பங்கள் காட்சி தருகின்றன.

இருக்கைகளின் முனைகளும் காணத்தக்கவை. மனிதரின் தீய குணங்கள் அங்கே சிற்றுருவங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. சோம்பல் கட்டிலில் கிடக்கிறது. பேராசை பணப்பெட்டியின்மேல் அமர்ந்திருக்கிறது. எழுத்தறியாதவருக்கும் அறம் உரைத்த பாடநூல் இதுவே. மணியடிக்கும் மரவீரன் ஒருவனும் இங்கு உண்டு. அவன் மீது 1682 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது.

பழைய கட்டடங்களைச் சுற்றிக் கதைகள் வளர்வது இயல்பு. 1577 ஆகஸ்டு 4ஆம் நாள் வீசிய கடும்புயலில் இவ்வாலயத்தின் கூம்புக் கோபுரம் சரிந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. ஆபிரகாம் பிளெமிங் என்பவர் வெளியிட்ட சிறுநூல், கருநாய் வடிவில் தீய ஆவி ஆலயத்தினுள் பாய்ந்ததாகக் கூறியது. வடக்குக் கதவிலுள்ள கருகிய தடங்களை அந்நாயின் நகக்குறிகள் என இன்றும் காட்டுவர்.

வானதூதர்களின் சிறகுகளில் துளைகள் உள்ளன. அவற்றுக்கும் ஒரு கதை வழங்கியது. 1643இல் வழிபாட்டிடங்களிலுள்ள உருவங்களை அகற்றுமாறு ஆங்கிலேய நாடாளுமன்றம் ஆணையிட்டது. அவ்வாணையை நிறைவேற்றிய வில்லியம் டௌசிங், 1644 ஏப்ரல் 9ஆம் நாள் பிளைத்பர்க்கிற்கு வந்தார். அவருடைய ஆட்களே வானதூதர்களைச் சுட்டனர் எனப் பல தலைமுறைகள் நம்பின.

சான்றுகளோ வேறு கூறின. டௌசிங்கின் நாட்குறிப்பில், இருபது தூதர் உருவங்களை இறக்குமாறு ஆணையிட்ட செய்தி உள்ளது. சுட்டதாக ஒரு சொல்லும் இல்லை. சிறகுகளில் கிடைத்த ஈயக்குண்டுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என ஆய்வாளர் கருதினர். ஆலயத்தின் பழைய கணக்கேடு அதற்குத் துணை நின்றது. ஆலயத்தினுள் புகுந்த சிறு காக்கைகளைச் சுடுவதற்காக, வெடிமருந்துக்கும் குண்டுகளுக்கும் 1761இல் பணம் கொடுத்த குறிப்பு அதில் இருந்தது. பறவைக்கு வைத்த குறி தூதரின் சிறகில் பட்டது!

டௌசிங் பல ஆலயங்களில் கலைச்செல்வங்களை அழித்தவரே. ஆயினும், ஒருவர் செய்த தவறுகளோடு செய்யாத தவறையும் சேர்த்து எழுதுவது வரலாறு ஆகாது.

1881இல் ஆலயம் பாழடைந்து, பாதுகாப்பற்றது என மூடப்பட்டது. அதனைப் புதுப்பிக்க முயன்றபோது, வில்லியம் மாரிஸ் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகம் தலையிட்டது. பழமையை அழித்துப் புதுமை செய்யாமல், பழுதை மட்டும் நீக்குக என அக்கழகம் வலியுறுத்தியது. துளைபட்ட சிறகும் கருகிய கதவும் இன்றும் எஞ்சியுள்ளன. அவை எஞ்சியதால்தான் கதையையும் உண்மையையும் பிரித்தறிய முடிகிறது.

சொற்பொருள்
சாளரம் – சன்னல்
சதுப்பு நிலம் – நீர் தேங்கிய சேற்று நிலம்
எஞ்சுதல் – மீதமிருத்தல்

வினாக்கள்
1. சுவர்களைச் சிக்கிமுக்கிக் கற்களால் எழுப்பியது ஏன்?
2. இருக்கை முனைகள் 'பாடநூல்' எனப்படுவது ஏன்?
3. டௌசிங் மீதான பழியை நீக்கிய சான்றுகள் யாவை?
4. உம் ஊரிலுள்ள பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி வழங்கும் கதையை எழுதி, அதனைச் சோதிக்க உதவும் சான்றுகளைக் குறிப்பிடுக.