சத்தம் போடாத பிழைகள்

அன்புத் தம்பி கவினுக்கு,

பழைய பைதான் 2 நிரலை உன்னிடம் கொடுத்து, பழைய சர்வரிலும் ஓட வேண்டும், புதிய பைதான் 3-லும் ஓட வேண்டும் என்று சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். சலித்துக்கொள்ளாதே. நிரல் எழுதுகிறவன் கட்டாயம் கற்க வேண்டிய வேலை இது.

பைதான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். பழைய நிரல்கள் அதில் அப்படியே ஓடாது என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள். 2.7-க்கான ஆதரவை 2015-இல் நிறுத்துவதாக இருந்தது. மாற முடியாமல் பலர் தவித்ததால் 2020 வரை நீட்டினார்கள். அத்தனை ஆண்டுகள் ஏன் பிடித்தன என்பது நிரலைத் தொட்டதும் உனக்கே புரியும்.

'பிரின்ட்' என்பதற்கு அடைப்புக்குறி இல்லையென்றால் பைதான் 3 உடனே நின்றுவிடும். அந்த மாதிரிப் பிழையைப் பற்றிக் கவலையே வேண்டாம். நின்றுவிடாமல் தவறான விடை தருவதுதான் ஆபத்து. 7/2 என்று கேட்டால் பைதான் 2 தருவது 3, பைதான் 3 தருவது 3.5. 2.5-ஐ 'ரவுண்ட்' செய்தால் பழையதில் 3, புதியதில் 2. இரண்டிலும் எந்த எச்சரிக்கையும் வராது. கணக்கு மட்டும் மாறிவிடும். வகுத்தல் வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார். முழு எண்தான் வேண்டும் என்றால் // என்றே எழுது. அது இரண்டிலும் ஒரே விடை தரும்.

இன்னும் பெரிய சிக்கல் எழுத்துச் சரங்களில். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பார். யூடிஎஃப்-8 கோப்பில் சாதாரணச் சரமாக எழுதியிருந்தால் பைதான் 2 பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். பைதான் 3 யூனிகோட் குறிகளை எண்ணி 5 என்று சொல்லும். நாம் எண்ணும் மூன்று எழுத்து இரண்டிலும் நேரடியாகக் கிடைக்காது. அதற்கு ஓபன்-தமிழ் போன்ற நூலகம் தேவை. பைதான் 2 பைட்டையும் யூனிகோடையும் கேட்காமலே கலக்கும். ஆங்கிலப் பெயர்களோடு சோதித்தவரை எல்லாம் சரியாக ஓடும்; ஒரு தமிழ்ப் பெயர் வந்ததும் விழுந்துவிடும். ஆகவே வெளியிலிருந்து வரும் பைட்டுகளை வாசலிலேயே யூனிகோடாக்கு, உள்ளே முழுக்க யூனிகோடையே வைத்துக்கொள், வெளியே அனுப்பும்போது மட்டும் பைட்டாக்கு. சரத்துக்கு முன்னால் போடும் 'யு' குறியை 3.0 ஏற்காமல் இருந்தது. 2012-இல் வந்த 3.3 மறுபடி ஏற்றுக்கொண்டது. இரண்டு பதிப்புக்கும் எழுதுகிறவர்களின் கஷ்டத்தைப் பார்த்துச் செய்த மாற்றம் அது. அந்தக் குறியைத் தயங்காமல் பயன்படுத்து.

எந்தப் பதிப்பு என்று விசாரிக்கும் 'இஃப்' வரிகளை நிரல் முழுக்கத் தூவாதே. அவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வை. பெஞ்சமின் பீட்டர்சன் எழுதிய 'சிக்ஸ்' நூலகம் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்து தரும். பழைய சர்வரை நிறுத்தும் நாளில் அந்தக் கோப்பையும் அதை அழைக்கும் வரிகளையும் நீக்கினால் போதும்.

3-க்கு வந்துவிட்டாலும் வேலை ஓயாது. 'டிஸ்ட்யூட்டில்ஸ்' மாட்யூலை நீக்கப்போவதாக 3.10-இல் எச்சரித்துவிட்டு 3.12-இல் எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கைகளைப் படிக்கும் வழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்.

ஒரு வரியைக்கூட மாற்றும் முன், பழைய நிரல் இன்று தரும் விடைகளுக்கு டெஸ்ட் எழுது. அதில் தமிழ்ப் பெயர்களும் பின்ன எண்களும் கட்டாயம் இருக்கட்டும். பிறகு இரண்டு பதிப்பிலும் ஓட்டிப் பார்த்து, எங்கே விடை மாறுகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்