முகம் வரையப் போகிறவர்களுக்கு

தூரிகை பிடிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளே, கை போகப் போகப் பழகிவிடும். பார்வையைத்தான் பழக்க வேண்டும்.

1. மூக்கு, உதடு, தாடை என்று அளவெடுத்துப் பழகுங்கள். அந்தப் பயிற்சியிலிருந்து யாருக்கும் விலக்கில்லை. ஆனால் பிரெஞ்சுத் தத்துவவாதி இம்மானுவேல் லெவினாஸ், ஒருவரைச் சந்திக்கச் சிறந்த வழி அவர் கண்ணின் நிறத்தைக்கூடக் கவனிக்காமல் இருப்பது என்றார். நிறம் பார்ப்பதே தொழிலான நமக்கு இது சங்கடமான பேச்சு. அந்தச் சங்கடம் நமக்கு நல்லது. எதிரே உட்கார்ந்திருப்பவரும் நம்மைப் பார்க்கிறார் என்பதை அது மறக்கவிடாது.

2. லெவினாஸைப் படியுங்கள். முகம் நம்மிடம் ‘கொல்லாதே’ என்கிறது என்று எழுதியவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் போர்க்கைதியாக இருந்தவர். லித்துவேனியாவில் இருந்த பெற்றோரையும் தம்பிகளையும் நாஜிகள் கொன்றார்கள்.

3. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1664இல் வரைந்த இரண்டு சிறு கோட்டோவியங்களை நிதானமாகப் பாருங்கள். டென்மார்க்கிலிருந்து பிழைப்புத் தேடி ஆம்ஸ்டர்டாம் வந்த எல்ஸ்யே கிறிஸ்டியன்ஸ் என்ற 18 வயதுப் பெண், வாடகைத் தகராறில் வீட்டுக்காரியைக் கோடரியால் கொன்றாள். மரண தண்டனை நிறைவேற்றி, உடலை ஊரார் பார்க்கக் கம்பத்தில் கட்டிவைத்தார்கள். தலைக்குப் பக்கத்தில் அந்தக் கோடரி தொங்குகிறது. ரெம்பிராண்ட் நேரெதிரே ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை வரைந்தார். கயிறு, பாவாடை மடிப்பு, தொங்கும் கைகள் எதையும் விடவில்லை. முகத்தில் மட்டும் கொலைகாரி என்ற முத்திரையைக் குத்தவில்லை. அங்கே இருப்பது ஓர் இளம்பெண்ணின் முகம். ஊர் அவளை எச்சரிக்கைப் பலகையாக்கியது, அவர் மனுஷியாகப் பார்த்தார். ஓவியக் கலையில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

4. படத்தில் மரியாதை காட்டிவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் தன் அடிமையாக இருந்த ஹுவான் தே பரேஹாவை 1650இல் ரோமில் வரைந்தார். பிரபுவைப் போன்ற நிமிர்வு, நேர்கொண்ட பார்வை. அதே ஆண்டு விடுதலைப் பத்திரமும் எழுதினார், இன்னும் நான்கு ஆண்டு ஊழியம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. படம் மகத்தானது. அந்த நிபந்தனை இன்றும் என்னை உறுத்துகிறது.

5. தெருவோரம் அயர்ந்து தூங்குபவரைக் கேட்காமல் வரையாதீர்கள். உட்கார்ந்து கொடுத்தவருக்குக் கூலி கொடுங்கள். முடித்த படத்தை முதலில் அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் வெளியே வைக்காதீர்கள்.