இறவாரத்துத் தண்ணீர்

ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள், மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் எஞ்சியுள்ள பழைய ஓட்டு வீடுகளைப் பாருங்கள். தகரத் தூம்பு இல்லாத வீடுகளில், சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சேறு தெறித்த பட்டை ஒன்று தெரியும். இறவாரத்துக்கு நேர் கீழே தரையில் வரிசையாகச் சிறு குழிகளும் காணப்படும். சுவரின் நோய் அந்தக் குழிகளில்தான் தொடங்குகிறது. எப்படி என்று கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் சேரும். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். (கூரை எவ்வளவு சாய்ந்திருந்தாலும், அது தரையில் மறைக்கும் பரப்பே கணக்கு.) 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 29 செ.மீ. மழை பதிவாயிற்று. அன்று அந்தக் கூரையில் விழுந்திருக்கக்கூடிய நீர் 29,000 லிட்டர். நம் தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் மூன்றை நிரப்பி, மிச்சமும் இருக்கும்.

இதைவிட வியப்பான கணக்கு ஒன்று உண்டு. கூரை இரு பக்கமும் சரிந்திருந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து மீட்டர் அகலத்தில் விழும் நீர் முழுவதும் ஓர் இறவாரத்துக்கு வந்து சேர்கிறது. தரையில் அது விழும் பட்டை பத்து செ.மீ. அகலம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மீட்டர் மழை பத்து செ.மீட்டருக்குள் சுருங்குகிறது. அதாவது 50 மடங்கு. 29 செ.மீ. மழை அந்தப் பட்டையில் பதினான்கரை மீட்டர் மழையாகிவிடுகிறது! சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. ஆகவே பத்தாண்டு மழை ஒரே நாளில், அதுவும் அஸ்திவாரத்தின் ஓரமாகப் பெய்துவிட்டது என்றே பொருள். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி தரையைத் தொடும்போது அதன் வேகம், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், வினாடிக்கு ஏறத்தாழ 7.7 மீட்டர். மண் தெறிப்பதில் வியப்பென்ன?

இனி, தரையில் ஊறிய நீர் சுவரில் ஏறுவதைக் காண்போம். செங்கல்லிலும் சுண்ணாம்புச் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழைகள் உள்ளன. புழை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். ஆரம் 0.1 மி.மீ. என்றால் சுமார் 15 செ.மீ.; 0.01 மி.மீ. என்றால் ஒன்றரை மீட்டர். பாட்டிமார் 'ஓதம் அடிக்கிறது' என்று சொல்வது இதைத்தான். உண்மையில் நீர் அந்த முழு உயரத்தையும் எட்டுவதில்லை. சுவரின் முகத்திலிருந்து அது ஆவியாகிக்கொண்டே இருப்பதால், ஏறுவதும் ஆவியாவதும் சமமாகும் இடத்தில் ஈரம் நின்றுவிடுகிறது.

ஆவியாவது நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்புகள் தங்கிவிடுகின்றன. வெயில் ஏற ஏற அவை படிகமாகி, புழைச் சுவர்களை நெருக்கி, பூச்சைப் பொரித்துத் தள்ளுகின்றன. அதனால்தான் கார்த்திகையில் செய்த சேதம் சித்திரையில் கண்ணுக்குத் தெரிகிறது. உடனே பலர் சிமெண்ட் பூசி மறைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பழைய சுண்ணாம்புச் சுவருக்கு இது தவறான வைத்தியம். ஆவியாகும் வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும், அவ்வளவே.

தியாகராய நகரில் வேறொரு தொல்லையும் சேரக்கூடும். 1920-களில் அந்த நகர் உருவானது மாம்பலத்தின் நீண்ட ஏரிப் படுகையில். ஏரிப் படுகைகளில் களிமண் படிவது இயல்பு. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டின் ஒரு பக்கம் மட்டும் இப்படி நனைந்து காய்ந்தால், அஸ்திவாரம் சீராக நிற்காமல் சுவர் விரிசல் காணும்.

மொட்டை மாடி வீட்டுக்கு இறவாரம் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கைப்பிடிச் சுவர் சூழ்ந்த மாடி, வடிகுழாய் அடைபட்டால் ஒரு தொட்டி அல்லவா? அடையாறில் நான் குடியிருந்த வீட்டில் ஒரே ஒரு வாதாம் இலை குழாய் வாயில் ஒட்டிக்கொண்டு, இரவு முழுவதும் நீரைத் தேக்கிவிட்டது. நூறு சதுர மீட்டர் மாடியில் பத்து செ.மீ. நீர் நின்றால் அதன் எடை பத்து டன். எடையைத் தாங்கினாலும், விரிசல் வழியே கசியும் நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் பிளந்து விழுகிறது. கடற்காற்று உப்பைக் கொண்டு வரும் பெசன்ட் நகர்ப் பக்கம் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவேதான் கொத்தனார் தளத்துக்கு வாட்டம் கொடுக்கிறார். நூறு அடிக்கு ஓர் அடியாவது சரிவு வேண்டும்.

ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடின் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி ஒரு காடி ஓடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? கொத்தனார்கள் அதை 'வாட்டர் கட்டிங்' என்பார்கள். நீர் பரப்போடு ஒட்டிக்கொண்டு அடிப்பக்கமாகவே சுவர் வரை ஊர்ந்து செல்லும் இயல்புடையது. காடியைத் தாண்ட அது மேல்நோக்கி ஏறவேண்டும், முடியாமல் சொட்டிவிடுகிறது. காபி டம்ளருக்கு வாய் விரிந்து மடிந்திருப்பதும் இதற்கு உதவுகிறது. விளிம்பில்லாத கண்ணாடி டம்ளரிலிருந்து மெதுவாக ஊற்றிப் பாருங்கள், காபி வெளிப்புறமாக வழிந்து கையை நனைக்கும்.

தூம்பில் பிடித்த நீரை எங்கே விடுவது? தெருவில் விட்டால் அடுத்த வீட்டுக்குத் தொல்லை. 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டே மந்தைவெளியில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் மழை இல்லம் இதை விளக்கத் தொடங்கியிருந்தது. குழாயை வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்கினால் நிலத்தடி நீர் உயரும். கரையோரத்தில் உப்பு நீர் உள்ளே வருவதும் தடைப்படும்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். காய்ந்த செங்கல் ஒன்றைத் தட்டில் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு செ.மீ. உயரம் தண்ணீர் ஊற்றுங்கள். மணிக்கொரு முறை ஈரத்தின் மேல் எல்லையைச் சாக்கட்டியால் குறியுங்கள். இன்னொரு செங்கல்லின் நான்கு பக்கங்களிலும் பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்றி, தாளின் மேலேயே குறித்து, அதையே செய்யுங்கள். மறுநாள் இரண்டின் உயரங்களையும் ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.