கழிவும் விலக்கும் நிவாரணமும்

சொல்லின் பொருள் மயங்கினாற் கணக்கும் மயங்கும். கொட்டாஞ்சேனையில் மின்வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர், வேலைக்கு வேண்டிய சப்பாத்து, குறடு, துளைபொறி முதலியவற்றைத் தம் கைப்பணத்தில் வாங்கிப் பற்றுச்சீட்டுகளை ஓராண்டு காத்து வைத்திருந்தார். அச்செலவைச் சம்பளத்திற் கழித்து எஞ்சியதற்கே வரி செலுத்தலாம் என்பது அவர் எண்ணம். அது பிழையாயிற்று. அவர் போல் எண்ணுவோர் பலராதலின், இதனை ஈண்டு விளக்கப் புகுந்தேன்.

முதற்கண் மூன்று சொற்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். கழிவு என்பது வருவாய் ஈட்டுதற்குச் செய்த செலவை அவ்வருவாயினின்றும் குறைத்தல். விலக்கு என்பது ஒருவர் பெற்ற தொகையொன்றை வரிக்கணக்கிற் சேராது நீக்குதல். நிவாரணம் என்பது செலவு யாதாயினும் ஒரு தொகைவரை வரியின்றி விடுதல்.

இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் வந்தது. இப்பொழுது வழங்குவது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். நம் மாணவர் சொந்தமாகப் பட்டறை நடத்தியிருப்பின், தொழிற்செலவைக் கழிவாகக் கேட்டிருக்கலாம். சம்பளம் பெறும் ஊழியராதலின் அவர்க்கு அவ்வுரிமை இல்லை. கையில் நில்லாப் பணத்துக்கும் அவர் வரி இறுக்க நேர்கிறது.

அவர்க்கு உள்ளது தனிநபர் நிவாரணம். 2025 ஏப்பிரல் 1 முதல் அஃது ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. மாதத்துக்கு 1,50,000 எனக் கொள்க. அதற்குட்பட்ட சம்பளத்துக்கு வரியில்லை. மிகுவோர்க்கு எஞ்சிய வழி விலக்கு ஒன்றே. முதலாளியின் பொருட்டு ஊழியர் செய்த செலவை முதலாளி மீள அளிப்பின், அத்தொகை ஊழியரின் வருமானத்திற் சேராது. ஆயின் சம்பளத்தோடு மாதந்தோறும் தரும் படி வருமானமேயாம்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் கருவிப்படி 40,000 உட்பட ஆண்டுக்கு 19 இலட்சம் பெறுகிறார். நிவாரணம் போக 1,00,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 6 வீதம் வரி 6,000. அந்த 40,000 படியாக அன்றி, முதலாளிக்காக வாங்கிய கருவிக்குப் பற்றுச்சீட்டின்மேல் மீள அளிக்கப்படின் வரி 3,600. மிச்சம் 2,400.

இங்கிலாந்தில் வாழும் நம் பழைய மாணவர்க்கு நிலை வேறு. அங்கே ஊழியர்க்கும் கழிவு உண்டு. சீருடையைத் தாமே வெளுத்துப் பேணுவோர் பற்றுச்சீட்டின்றியே ஆண்டுக்கு 60 பவுண் கேட்கலாம். 20 வீத வரி செலுத்துவோர்க்கு இதனால் 12 பவுண் குறையும். சென்ற நான்கு ஆண்டுகளுக்கும் கேட்கலாம். ஆயின் உடையையோ சிறு கருவியையோ முதன்முறை வாங்கிய விலை சேராது. பொது உடையும் சேராது. நீதிமன்றத்தில் அணிந்த கறுப்புடைக்குக் கழிவு கேட்ட பெண் வழக்கறிஞர் ஒருவர்க்கு, உடல் மறைத்தற்கும் குளிர் காத்தற்கும் அஃது உதவிற்றெனக் கூறி, 1983 இற் பிரபுக்கள் சபை மறுத்தது.

ஆதலின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேலைக்குச் சேரும் இளைஞர்க்கு நான் கூறுவது இது: கருவி வாங்குமுன் முதலாளியிடம் கேளுங்கள்; மீள அளிப்பதாக எழுத்திற் பெறுங்கள்; பற்றுச்சீட்டை ஒப்படைத்துப் படியொன்றை வைத்திருங்கள். வாங்கியபின் வருந்துதலினும் வாங்குமுன் வினாவுதல் நன்று. கல்லூரி நமக்குக் கற்பித்ததும் வினாவுதலே.