நாள் தள்ளிப்போனால் மருந்து பலித்ததா?



குழந்தைக்காகக் காத்திருக்கும் நம் உறுப்பினர்கள் சிலர் உள்கடன் வாங்கி லேகியம், சத்துப் பவுடர் என்று சாப்பிடுகிறார்கள். மாதவிலக்கு பத்து நாள் தள்ளிப்போனால் "மருந்து வேலை செய்யுது"ன்னு நம்புகிறார்கள். இதை நாம் சரியாகப் புரிஞ்சுக்கணும்.

மாதவிலக்கு 21 முதல் 35 நாளுக்கு ஒருமுறை வருவது இயல்பு. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு கருமுட்டை வெளியாகும். அந்த நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும்தான் கரு தங்க ஏற்றவை. முட்டை வெளியாவது தாமதமானால் மாதவிலக்கும் தள்ளிப்போகும். மனக்கவலை, எடை மாற்றம், தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி காரணமாக இருக்கலாம். என்ன கலந்திருக்குன்னு தெரியாத மருந்தும் காரணமாகலாம். ஆகவே நாள் தள்ளினால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அதுக்கு முன்னாடி மாதவிலக்கை வரவைக்க எதையும் சாப்பிடக் கூடாது.

அப்போ எந்த மாத்திரை தேவை? ஃபோலிக் அமிலம், தினமும் 400 மைக்ரோகிராம். கரு தங்கி 4 வாரத்துக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளம் அமைந்துவிடும். அதனால் கருத்தரிக்கும் முன்பே தொடங்கணும். இது கரு தங்க வைக்கும் மருந்தல்ல. குழந்தையைக் காக்கும் மருந்து. சர்க்கரை, வலிப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் அளவு கேட்கணும்.

ஓராண்டு முயன்றும் தங்கவில்லையா? 35 வயதைத் தாண்டியவர்கள் 6 மாதத்திலேயே டாக்டரைப் பார்க்கணும். கணவரும் கூட வரட்டும். குறை ஆணிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனை எளிதானது.

குழுவில் பேசுவோம்:
1. மாதவிலக்குத் தேதியைக் காலண்டரில் குறிக்கிறோமா?
2. பழி முழுவதையும் நாம மட்டும் ஏன் சுமக்கணும்?