உறங்கும் முன் அடுப்பை அணைப்போம்

 

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்தது. அதைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள், நெருப்பு மனிதருக்குப் பகை என்றும், உறங்கப் போகும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. சமைக்க உதவும் நெருப்பு அல்லாஹ்வின் நிஃமத். சமையல் முடிந்த பின்னும் அதைக் கவனிக்காமல் விடுவதே ஆபத்து.

திருவண்ணாமலையில் கேஸ் வந்த பிறகும் விறகடுப்பு போய்விடவில்லை. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற வீடுகளிலும், சிலிண்டர் தீர்ந்துவிட்டால் அடுத்ததற்குப் பணம் சேரும் வரை விறகுதான். ஆகவே அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறையை அறிந்திருப்பது நம் கடமை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

வீட்டுச் சமையல் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. புகை வந்தால் கண் எரியும், இருமல் வரும்; நாம் விலகிவிடுவோம். புகையாத தணலோ எச்சரிக்கை எதுவும் தராது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ வாசனையோ இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் இதன் அறிகுறிகள். உறங்குபவர் விழிக்காமலேயே இறந்துவிடக்கூடும்.

மார்கழிக் குளிருக்காகவோ, பிள்ளை பெற்றவருக்குச் சாம்பிராணி போடுவதற்காகவோ தணல் சட்டியை அறையில் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். சாம்பிராணி போட்டதும் சட்டியை வெளியே எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். யாராவது மயங்கினால் உடனே கதவுகளைத் திறந்து, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுசென்று, 108-ஐ அழையுங்கள்.

அடுப்பு எரியும்போது

• பிளந்து நன்றாகக் காயவைத்த சவுக்கு, வேலிகாத்தான் போன்ற விறகையே பயன்படுத்துங்கள். ஈர விறகு அதிகம் புகையும். பிளாஸ்டிக், பெயிண்ட் அடித்த பலகை, அரளிக் கட்டை ஆகியவற்றின் புகை நஞ்சு.
• புகைந்துகொண்டிருக்கும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. தீ கை வரை பாயும்.
• கேஸ் சிலிண்டரும் அதன் டியூபும் விறகடுப்பின் அருகில் இருக்கக் கூடாது.
• நைலான் துப்பட்டாவும் தொங்கும் முந்தானையும் எளிதில் பற்றும். பருத்தி உடையே நல்லது. ஸஹர் நேரத்துத் தூக்கக் கலக்கத்தில் கூடுதல் கவனம் தேவை.
• புகைபோக்கி இருந்தால் மாதம் ஒருமுறை கரியைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். அடைபட்ட குழாய் புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும்; படிந்த கரியும் தீப்பற்றும்.

அணைக்கும் முறை

சூடான மண் அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் அடுப்பு வெடிக்கும்; ஆவியும் முகத்தில் அடிக்கும். கொள்ளிக்கட்டைகளை வெளியே எடுத்து, திறந்த இடத்தில் சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து அணையுங்கள். சாம்பலுக்குள் தணல் மறுநாள் வரைகூட உயிரோடிருக்கும். எனவே சாம்பலை இரும்புச் சட்டியில் அள்ளி, நனைத்து, வீட்டுக்கு வெளியே வையுங்கள். குப்பையிலோ மல்லாட்டைத் தோல் குவியலிலோ கொட்டாதீர்கள்.

தீப்புண் ஏற்பட்டால்

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். கெட்டியான பருத்திப் போர்வையால் மூடித் தீயை அணைக்கலாம். புண்ணின் மேல் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் விடுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். பற்பசை, மை, நெய் எதுவும் தடவாதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தீயணைப்புத் துறைக்கு 101.

அடுப்பு பெண்களின் பொறுப்பு மட்டும் அல்ல. இஷா தொழுது வீடு திரும்பும் ஆண்கள், படுக்கும் முன் ஒருமுறை அடுப்படியைப் பார்த்துவிட்டுப் படுக்கட்டும். புகைபோக்கியோ ஜன்னலோ இல்லாத வீட்டில் சமைக்கும் விதவைகளும் முதியவர்களும் உங்கள் தெருவில் இருந்தால் நம் அலுவலகத்தில் தெரிவியுங்கள். ஒரு புகைக் குழாய் வாங்கித் தருவதும் ஸதகாதான்.

அல்லாஹ் நம் வீடுகளைப் பாதுகாப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.