கம்ப்யூட்டரிலும் வேண்டும் கல்லாப்பெட்டி ஒழுங்கு



நம் கடையில் துவரம்பருப்பு மூட்டை எந்த மூலையில் இருக்கிறது, சீரக டப்பா எந்த அடுக்கில் இருக்கிறது என்று கேட்டால் இருட்டிலும் கைவைத்து எடுத்துவிடுவோம். ஆனால் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் போன வருடம் ஆடி மாதம் வாங்கிய எண்ணெய் பில் எங்கே என்று ஆடிட்டர் கேட்டால் அரை நாள் தேடுகிறோம். சரக்கை அடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கணக்கை அடுக்குவது பெரிய வித்தை அல்ல.

ஏன் அவசியம்?

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறையில் உள்ளது. வாங்கிய சரக்குக்குச் செலுத்திய வரியை நாம் கழித்துக்கொள்ள வேண்டுமானால், அதற்குரிய வரி பில் நம் கைவசம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு லட்ச ரூபாய்க்குச் சமையல் எண்ணெய் வாங்கினால் 5 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் வரி. விசாரணையின்போது பில்லைக் காட்ட முடியாவிட்டால் அந்தத் தொகை நம் லாபத்திலிருந்துதான் போகும்.

கணக்குகளை ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டுக் கணக்குக்கு ஆண்டறிக்கைக் கெடு 31-12-2025. ஆகவே அந்தக் கணக்கு 31-12-2031 வரை நம்மிடம் இருக்க வேண்டும். மேல்முறையீடோ வழக்கோ நடந்தால் இன்னும் கூடும்.

திருத்தணி வணிகர் கவனத்திற்கு

நமக்குச் சரக்கு இரு பக்கமிருந்தும் வருகிறது. சென்னையிலிருந்து வந்தால் பில்லில் மத்திய வரி, மாநில வரி என இரண்டு வரிகள் தனித்தனியே இருக்கும். குண்டூர் மிளகாய் ஆந்திர வணிகரிடமிருந்து நேராக வந்தால் ஐ.ஜி.எஸ்.டி. என ஒரே வரி இருக்கும். விற்பவரின் 15 இலக்கப் பதிவு எண்ணில் முதல் இரண்டைப் பாருங்கள்: தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37. இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டி வைத்தால் மாதக் கடைசியில் குழப்பம்தான். வரி விதிக்கத்தக்க சரக்கு எல்லை தாண்டி வந்து, மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், அதன் இ-வே பில்லையும் அந்தப் பில்லுடன் சேர்த்தே வைக்கவும்.

அடுக்கும் முறை

1. ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர் திறக்கவும். உதாரணம்: 2025-26.

2. அதற்குள் மாதத்துக்கு ஒன்று. பெயருக்கு முன் எண் போடுவது முக்கியம்: 01-ஏப்ரல், 02-மே என்று. எண் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அகர வரிசைப்படி அக்டோபரைத்தான் முதலில் நிறுத்தும்.

3. மாதத்துக்குள் ஐந்து அறைகள் போதும்: கொள்முதல்-33, கொள்முதல்-37, விற்பனை, வங்கி, செலவு. வேறு மாநிலச் சரக்கு வாங்குபவர்கள் அந்த எண்ணுக்கு ஓர் அறை சேர்த்துக்கொள்ளலாம்.

4. ஒவ்வொரு பில்லுக்கும் தேதி, சரக்கு, பில் எண் சேர்த்துப் பெயரிடவும். தேதியில் ஆண்டு முதலில் வரட்டும்: 2025-08-14-மிளகாய்-412. இப்படி இருந்தால் எல்லாம் தானே தேதி வரிசையில் நிற்கும்.

5. வாட்ஸ்அப்பில் வரும் பில்லை அங்கேயே விட்டுவிடக் கூடாது. செல்போன் தொலைந்தால் பில்லும் தொலையும். அன்றன்றே உரிய அறைக்கு மாற்றவும்.

6. சூட்டில் அச்சாகும் வழவழப்பான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். வந்த அன்றே படம் எடுத்து வைக்கவும். மூலப் பில்லையும் எறிந்துவிட வேண்டாம்.

7. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வாடிக்கையாளர் பட்டியல், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத எழுத்துகளாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளவும்.

நகல் இல்லாத கணக்கு, பூட்டு இல்லாத கடை

விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ கணக்கு அழிந்தாலும் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதியே சொல்கிறது. 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்ற நச்சு நிரல் உலகெங்கும் கம்ப்யூட்டர் கணக்குகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. நமக்குப் பக்கத்தில் திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் அதில் சிக்கின. எப்போதும் செருகியே இருக்கும் பென் டிரைவையும் இத்தகைய நிரல் பூட்டிவிடும். ஆகவே மூன்று பிரதிகள் வையுங்கள்: ஒன்று கடைக் கம்ப்யூட்டரில், இன்னொன்று நகல் எடுத்தவுடன் கழற்றி வீட்டுக்கு எடுத்துச்செல்லும் டிரைவில், மூன்றாவது இணையச் சேமிப்பில். மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஏதாவது ஒரு பில்லைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல.

பழைய குவியலை நினைத்து மலைக்க வேண்டாம். இந்த மாத பில்லிலிருந்து தொடங்குங்கள். இரவு கல்லா எண்ணி முடித்தபின் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நேரம் கிடைக்காவிட்டால் பில்களை ஓர் உறையில் போட்டுவைத்து, திருவிழா முடிந்த வாரமே ஏற்றிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் உங்கள் மகனோ, மகளோ, கணக்குப்பிள்ளையோ கேட்ட பில்லை ஒரு நிமிடத்தில் எடுக்க முடிந்தால், உங்கள் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று பொருள்.